கடையடைப்பும் கணக்கேடும்: 1939-ஐ முன்வைத்துச் சில குறிப்புகள்

மாநில நிதிநிலை அறிக்கைகள் வெளியாகும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். ஒரு புதிய வரியோ வரி உயர்வோ அறிவிக்கப்படும். மறுநாள் வணிகர் சங்கத்தின் கண்டன அறிக்கை வரும். அதில் ‘இந்தச் சுமை கடைசியில் பொதுமக்கள் தலையில்தான் விழும்’ என்னும் வாசகம் கட்டாயம் இருக்கும். அரசு அசையாவிட்டால் ஒருநாள் கடையடைப்பு நடக்கும். அந்த எதிர்ப்பு நியாயமானதா என்பதைப் பொருளாதாரத் துறை நண்பர்கள் விவாதிக்கட்டும். வரலாறு படிப்பவர்களாகிய நாம் இந்த எதிர்ப்பை எப்படி வாசித்து வந்திருக்கிறோம் என்பதே என் கவலை. கடையை அடைத்து வரியை எதிர்ப்பது என்னும் ஒரே செயலை, அது நிகழ்ந்த ஆண்டைப் பார்த்து, ஓரிடத்தில் விடுதலை உணர்வாகவும் வேறோரிடத்தில் தன்னலமாகவும் பதிவு செய்திருக்கிறோம். இந்த இரண்டு வாசிப்புகளும் முட்டிக்கொள்ளும் இடம் 1939.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன்; மொழியியல் படித்தவனின் பழக்கம். ‘ஹர்த்தால்’ என்பது குஜராத்தியிலிருந்து பரவிய சொல். ‘ஹட்’ என்றால் கடை, சந்தை; ‘தாள்’ என்றால் பூட்டு. ஆக, சந்தைக்குப் பூட்டு. தமிழில் இதற்கு நேராகக் ‘கடையடைப்பு’ இருக்கிறது. முதலாளி ஆலையை மூடினால் அது கதவடைப்பு, தொழிலாளி வேலையை விட்டால் வேலைநிறுத்தம், வணிகர் பூட்டினால் கடையடைப்பு, எல்லாரும் எல்லாவற்றையும் மூடினால் முழுஅடைப்பு. யார் எதை மூடுகிறார் என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் மொழிக்கு ஹர்த்தால் என்னும் சொல் உண்மையில் தேவைப்படவில்லை. கேரளத்தில் இந்தச் சொல்லின் பயணம் வேறு. 1997-இல் ‘பந்த்’ அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன்பின் அரசியல் கட்சிகள் அதே செயலுக்கு ‘ஹர்த்தால்’ என்று பெயரிட்டுக்கொண்டன. வணிகரின் பூட்டு கட்சிகளின் கைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே ஹர்த்தாலை எதிர்ப்பவர்களுள் வணிகர்களே முன்னணியில் நிற்கிறார்கள்.

இந்தப் பூட்டின் பழைய வரலாற்றில் இரண்டு நகரங்கள் அடிக்கடி பேசப்படும். முதலாவது காசி. கிழக்கிந்தியக் கம்பெனி 1810-இல் வீட்டு வரி விதித்தபோது அந்த ஆண்டின் இறுதியில் நகரம் முடங்கியது. கடைகள் மூடப்பட்டன, கைவினைஞர்கள் தொழிலை நிறுத்தினார்கள், மக்கள் பெருந்திரளாக வெளியில் அமர்ந்தார்கள். வரி பிற்பாடு கைவிடப்பட்டது. அது வணிகர் மட்டும் நடத்திய போராட்டம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரம்பால் 1971-இல் வெளியிட்ட நூலில் இதன் ஆவணங்களைத் தொகுத்து, காந்தியின் ஒத்துழையாமைக்கு இந்திய மரபிலேயே வேர் உண்டு என்று வாதிட்டார். இரண்டாவது சூரத். 1844-இல் உப்புத் தீர்வை உயர்த்தப்பட்டபோது அங்கே கலகம். 1878-இல் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்காகத் தொழில், வணிகம் செய்வோர்மீது உரிம வரி விதிக்கப்பட்டபோது, ஏப்ரல் முதல் வாரத்தில் நகரத்துக் கடைகள் தொடர்ந்து மூடப்பட்டன. அது கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இந்த நகரத்தின் பொது அரசியலை விரிவாக ஆராய்ந்தவர் டக்ளஸ் ஹேன்ஸ். ஆட்சியாளரிடம் பேசுவதற்கு வணிகக் குடும்பங்கள் எத்தகைய மொழியையும் சடங்குகளையும் கைக்கொண்டன என்பதை அவருடைய நூலில் காணலாம்.

நம் பாடநூல் மரபில் இவை 1919 ஏப்ரல் 6-ஆம் நாள் ரௌலட் ஹர்த்தாலுக்கு இட்டுச் செல்லும் படிகளாகிவிடுகின்றன. காசி, சூரத், பிறகு காந்தி என்று ஒரே கோடு. கோடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரத் வணிகர் 1878-இல் பூட்டுப் போட்டது அந்நிய ஆட்சி என்பதற்காகவா, வரி என்பதற்காகவா? அவர்களுக்கு இந்தக் கேள்வியே விளங்கியிருக்காது. வரி கேட்டவன் அந்நியனாக இருந்தான், அவ்வளவுதான். வரி கேட்பவர் தம்மவராக இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 1937 வரை வரவில்லை.

வாய்ப்பை ஏற்படுத்தித் தந்தது 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். அதன் ஏழாம் அட்டவணையின் மாகாணப் பட்டியலில் பொருள் விற்பனைமீது வரி விதிக்கும் உரிமை இடம்பெற்றது. 1937-இல் பல மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. நிலவரியைக் குறைப்போம், கள்ளுக்கடைகளை மூடுவோம், பள்ளிகளைத் திறப்போம் என்று வாக்களித்து வந்த ஆட்சிகள் அவை. முதல் இரண்டும் வருவாயைக் குறைப்பவை. மூன்றாவது செலவைக் கூட்டுவது. புதிய வரி இல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது.

முதலில் மத்திய மாகாணம் கைவைத்துப் பார்த்தது. 1938-இல் அது மோட்டார் எரிபொருளின் சில்லறை விற்பனைமீது வரி விதித்தது. அது விற்பனை வரி அன்று, மத்திய அரசுக்கு மட்டுமே உரிய உற்பத்தித் தீர்வை என்று மத்திய அரசு ஆட்சேபித்தது. புதிதாக அமைந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் வந்த முதல் விவகாரம் இதுவே. தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையிலான அமர்வு மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மற்ற மாகாணங்களுக்குத் துணிவு வந்தது.

1939-இல் இரு மாகாணங்களின் நிதிநிலை அறிக்கைகள் ஒரே காரணத்துக்காக இரு வேறு வணிக வர்க்கங்களைச் சீண்டின. இரண்டுக்கும் காரணம் மதுவிலக்கு. பம்பாயில் பி. ஜி. கேர் தலைமையிலான அமைச்சரவையின் நிதியமைச்சர் லட்டே, நகர்ப்புற அசையாச் சொத்துகளின் ஆண்டு வாடகை மதிப்பில் 10 விழுக்காட்டை வரியாகக் கேட்டார். நகரத்தில் ஆகஸ்ட் 1-ஆம் நாள் மதுவிலக்கு தொடங்கவிருந்தது. இழக்கப்போகும் கலால் வருவாயை ஈடுகட்ட வேண்டும். மது வணிகத்தில் பார்சிகளின் பங்கு பெரிது. நகரத்தின் கட்டடங்களிலும் அவர்களுடைய பங்கு பெரிது. ஒரு கையால் தொழிலை மூடி, மறு கையால் அதை மூடிய செலவையும் எங்களிடமே கேட்கிறீர்களே என்ற மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. சர் பைராம்ஜி ஜீஜீபாய் உயர் நீதிமன்றம் சென்றார். இது சொத்து வரி என்ற பெயரில் வரும் வருமான வரி, ஆகவே மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை என்பது வாதம். நிலம், கட்டடம் ஆகியவற்றின் மீதான வரியே இது என்று கூறி நீதிமன்றம் அதைத் தள்ளியது.

சென்னையில் முதலமைச்சர் பொறுப்போடு நிதித் துறையையும் தாமே வைத்திருந்த இராஜாஜி இன்னும் விரிந்த வலையை வீசினார். 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு பிற மாவட்டங்களுக்கும் விரிந்துகொண்டிருந்தது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கென்று இல்லாமல், விலக்களிக்கப்பட்ட சில நீங்கலாக, எல்லாப் பொருள்களின் விற்பனைக்கும் வரி. அதுவும் பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும். வீதமோ அரை விழுக்காடு. நூறு ரூபாய் விற்றால் எட்டணா. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் வரியே இல்லை. அதற்கு மேல் 20,000 வரை மாதம் ஐந்து ரூபாய் கட்டினால் போதும். அதையும் தாண்டியவர்களுக்கே அரை விழுக்காடு.

எட்டணாவுக்கா இவ்வளவு எதிர்ப்பு என்று தோன்றலாம். வணிகர் தரப்பில் வலுவான கணக்கு ஒன்று இருந்தது. தானியம், நிலக்கடலை போன்ற சரக்குகளில் இலாபம் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் என்றால், விற்றுமுதலில் அரை விழுக்காடு என்பது இலாபத்தில் நாலில் அல்லது ஆறில் ஒரு பங்கு. விவசாயியிடமிருந்து தரகர், தரகரிடமிருந்து மண்டி, மண்டியிலிருந்து மொத்த வணிகர், அவரிடமிருந்து சில்லறைக் கடை என்று ஒவ்வொரு படியிலும் அது ஏறும். மாகாணத்தைச் சுற்றியோ மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர், பிரெஞ்சுப் புதுச்சேரி. எல்லை தாண்டினால் வரி இல்லை. இவையெல்லாம் இன்றும் பொருளியல் பாடநூல்கள் பலமுனை வரிக்கு எதிராகச் சொல்லும் காரணங்கள்தாம்.

ஆனால் சட்டத்தின் மற்றொரு பகுதியைப் படித்தால் எதிர்ப்பின் சூடு வேறோர் இடத்திலிருந்து வந்தது விளங்கும். வணிகர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். அதிகாரி கடைக்குள் வந்து பார்க்கலாம். வருமான வரி 1860-இலேயே வந்தது, 1886-இல் நிலைபெற்றது. எனினும் அது எட்டிப்பிடித்தது மேல்தட்டில் ஒரு சிறு கூட்டத்தைத்தான். விற்பனை வரியோ கடைத்தெருவின் நடுத்தட்டு வரை இறங்கியது. வாழ்நாளில் அரசு அலுவலர் எவருக்கும் பேரேட்டைப் பிரித்துக் காட்டியிராத ஒருவர், முதன்முறையாகக் காட்ட வேண்டியவரானார்.

பேரேடு என்பது வெறும் எண்களின் தொகுப்பன்று. சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று அடுக்கடுக்காக எழுதப்பட்ட தமிழக வணிகக் கணக்குகளில் யாருக்கு யார் கடன்பட்டார், எந்த வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு போனது, எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மகமை என்பதெல்லாம் உண்டு. குடும்பத்தின் மானமும் ஊரின் இரகசியமும் அதற்குள் இருந்தன. வட இந்தியாவில் இந்த மறைப்பு எழுத்திலேயே இருந்தது. மகாஜனி எழுத்தில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எழுதியவரும் அவருடைய வட்டத்தாருமே தடையின்றிப் படிக்க முடியும். ‘காகாஜி அஜ்மேர் போயிருக்கிறார்’ என்று எழுதிய கடிதத்தைக் ‘காகாஜி இன்று இறந்துபோனார்’ என்று படித்து வீடே அழுததாக ஒரு பழைய நகைச்சுவை உண்டு. ‘அஜ்மேர்’ என்பதும் ‘ஆஜ் மர்’ என்பதும் அந்த எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். எழுத்து முறைமைகளைப் பற்றிய வகுப்புகளில் இதைச் சொல்லிச் சிரிப்போம். வரி அலுவலரின் மேசையில் அந்த ஏட்டை வைத்துப் பாருங்கள். குறைபாடாகத் தோன்றிய அதே எழுத்து ஒரு கோட்டைச் சுவராகத் தெரியும்.

ஆகவே 1939-இன் எதிர்ப்பை, இராஜாஜி ஆட்சியின் ஆதரவாளர்கள் கண்டதுபோல, ஏழைகளின் நலனுக்கு எதிராக வணிகர் காட்டிய பேராசை என்று முடித்துவிட என்னால் இயலவில்லை. அதே வணிகர்கள் இருபது ஆண்டுகளாகக் காங்கிரசுக்கு நன்கொடை தந்தவர்கள். காங்கிரஸ் சொன்னபோது கடையைப் பூட்டியவர்கள். 1919-இலும் 1930-இலும் நாட்டுப்பற்றின் அடையாளமாக இருந்த பூட்டு, 1939-இல் அதே கையில் அதே கதவில் தொங்கியது. மாறியிருந்தது கோட்டையில் அமர்ந்திருந்தவர் மட்டுமே. தேசிய இயக்க வரலாறுகள் இந்த நிகழ்வைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துபோவதற்கு இந்தச் சங்கடமே காரணம் என்று கருதுகிறேன்.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். ‘மக்கள் தலையில் சுமை’ என்று பேசிய மனுக்களில் அந்த மக்கள் எவரும் கையொப்பமிடவில்லை. விற்பனை வரியை வணிகர் வாங்குபவரிடமிருந்து பெற்று அரசிடம் சேர்க்கிறார். முழுவதும் பெற முடிந்தால் அவருக்கு இழப்பு எட்டணாகூட இல்லை. கொடுப்பவருக்குச் சங்கம் கிடையாது, தந்தி அடிக்கப் பணம் கிடையாது, பூட்டுவதற்குக் கடையும் கிடையாது. ஆவணக் காப்பகத்தில் நமக்குக் கிடைப்பதெல்லாம் வணிகர் சங்கங்களின் மனுக்களும் அரசின் பதில்களும்தாம். அவற்றை ‘மக்கள் எதிர்ப்பு’ என்று தலைப்பிட்டு எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது சற்று வருத்தமாக இருக்கிறது.

1939 அக்டோபர் 1-ஆம் நாள் வரி நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் போர் தொடர்பான கருத்து வேறுபாட்டில் அமைச்சரவை பதவி விலகியது. ஆளுநரின் ஆட்சி போர்க்காலத்திலேயே மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியை நிறுத்தவில்லை. எதற்காக விதிக்கப்பட்டதோ அந்தக் காரணம் போய்விட்டது, வரி தங்கிவிட்டது. வங்காளமும் பஞ்சாபும் 1941-இல் பின்தொடர்ந்தன. பிறகு பீகார், பம்பாய். விடுதலைக்குப் பின் மாநிலங்களின் சொந்த வருவாயில் மிகப் பெரிய பங்கு இதுவே ஆனது.

வணிகரின் எதிர்ப்பு அதன்பின் தெருவிலிருந்து நீதிமன்றத்துக்கு இடம்பெயர்ந்தது. மொழியியலாளருக்கு இது ஒரு விருந்து. வெற்றிலை காய்கறியா? காய்கறிக்கு வரிவிலக்கு இருந்ததால் எழுந்த கேள்வி இது. 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தாவரவியலில் எதுவானாலும், மக்கள் வழக்கில் வெற்றிலை காய்கறி ஆகாது. கரும்பு பச்சைக் காய்கறி ஆகாது என்பதும் அதே காலத்துத் தீர்ப்பு. மரக்கரி ‘கரி’ என்பதில் அடங்குமா என்ற வழக்கில் அடங்கும் என்று 1967-இல் முடிவானது. அகராதியைவிடக் கடைத்தெருப் பேச்சே சான்று என்ற இந்த நெறியை நம் சொற்பொருளியல் வகுப்புகளில் ஏன் கற்பிப்பதில்லை என்று தெரியவில்லை. இவற்றுள் பெரியது 1958-இன் கேனன் டங்கர்லி வழக்கு. சென்னை மாநிலத்துக்கு எதிரானது. கட்டடம் கட்டித் தருவதில் செங்கல்லும் சிமெண்டும் ‘விற்கப்படுகின்றனவா’ என்ற கேள்வியில் ‘விற்பனை’ என்னும் சொல்லின் பொருளையே நீதிமன்றம் வரையறுத்தது, அரசு தோற்றது. அந்த ஒரு சொல்லின் பொருளை விரிப்பதற்கு 1982-இல் அரசியல் சட்டத்தை 46-ஆவது முறையாகத் திருத்த வேண்டியதாயிற்று.

எதிர்ப்பின் மையம் வீதத்தைவிடக் கணக்கேட்டில் இருக்கிறது என்பதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று ஜவுளி. 1956 டிசம்பரில் தேசிய வளர்ச்சிக் குழு எடுத்த முடிவின்படி, ஆலைத்துணி, சர்க்கரை, புகையிலை ஆகியவற்றுக்கு மாநிலங்கள் விற்பனை வரி விதிப்பதை விட்டுவிட்டன. பதிலாக மத்திய அரசு கூடுதல் உற்பத்தித் தீர்வை வசூலித்து மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்தது. 1957-இல் அதற்குச் சட்டம் வந்தது. வரி ஒழியவில்லை, ஆலை வாயிலிலேயே வசூலாகித் துணியின் விலைக்குள் புகுந்துகொண்டது. ஆனால் துணிக்கடைக்காரர் விற்பனை வரி அலுவலருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இதை எதிர்த்து எவரும் கடையடைக்கவில்லை. மாறாக, மற்றப் பொருள்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்பது வணிகர் அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கையாயிற்று.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு மதிப்புக் கூட்டு வரி வந்தது. 1939-இல் வணிகர் சுட்டிய குறை, அதாவது ஒவ்வொரு படியிலும் வரிமேல் வரி ஏறுவது, இதில் நீங்குகிறது. முந்தைய படியில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். வாதப்படி அவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, 2005-இல் அகில இந்திய வணிகர் கூட்டமைப்பின் முன்னெடுப்பில் நாடெங்கும் கடையடைப்புகள் நடந்தன. ஏப்ரல் 1-ஆம் நாள் பெரும்பாலான மாநிலங்கள் மாறியபோதும் பாரதிய ஜனதா ஆண்ட ஐந்து மாநிலங்கள் ஓராண்டு தள்ளிப்போட்டன. தமிழ்நாடு 2007 ஜனவரியிலும் உத்தரப்பிரதேசம் 2008 ஜனவரியிலும்தான் சேர்ந்தன. கழிவு பெற வேண்டுமானால் வாங்கியதற்கும் விற்றதற்கும் பட்டியல் வேண்டும். என் பேரேடும் எனக்கு விற்றவரின் பேரேடும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். அந்த ஆண்டில் நாளேடுகளும் கல்வியாளர்களும் வணிகரை எழுதிய விதத்தை 1878-ஐப் பற்றி நாம் எழுதும் விதத்தோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும்.

பிறகு மீண்டும் சூரத். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து துணிக்கு 5 விழுக்காடு விதிக்கப்பட்டபோது, நகரத்தின் ஜவுளிச் சந்தைகள் இரண்டு வாரங்களுக்கும் மேலாக மூடிக்கிடந்தன. அறுபது ஆண்டுகள் விற்பனை வரிக் கணக்கிலிருந்து விலகி இருந்த தொழில் அது. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று: வரியை நூல் கட்டத்திலேயே மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், எங்களை விட்டுவிடுங்கள். 1957-இன் ஏற்பாட்டைத் திருப்பிக் கேட்டார்கள்.

வீதமே காரணமான எதிர்ப்புகளும் உண்டு. அவற்றை மறைத்தால் என் வாதம் நேர்மையற்றதாகிவிடும். துணிக்கான வரியை 5-லிருந்து 12 விழுக்காடாக்கும் முடிவு 2022 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், வணிகரும் சில மாநிலங்களும் எதிர்த்ததால் முந்தைய நாள் மன்றக் கூட்டத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. அது சந்தேகத்துக்கு இடமின்றி விழுக்காட்டைப் பற்றிய சண்டை. ஆனால் அது ஒரே நாளில் தீர்ந்தது என்பதைக் கவனியுங்கள். எண்ணைக் குறைத்தால் எண்ணைப் பற்றிய சண்டை முடிந்துவிடும்.

மற்றச் சண்டை அப்படி முடிவதில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, செல்பேசிப் பணப்பரிமாற்றத் தரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு அறிவிப்புகள் அனுப்பியது. பொருள் விற்போருக்கு 40 லட்சம் ரூபாய், சேவை தருவோருக்கு 20 லட்சம் என்ற பதிவு வரம்பை ஆண்டு வரவு தாண்டிவிட்டது என்பது குற்றச்சாட்டு. வந்த பணத்தில் எது காய்கறி, பால் போன்ற வரியில்லாப் பொருளுக்கானது, எது உறவினர் அனுப்பியது என்பது அந்தத் தரவில் இல்லை. பேரேடே வைத்திராத பெட்டிக்கடைக்காரருக்கு அவர் அறியாமலே வேறொருவர் பேரேடு எழுதி வைத்திருந்தார். பெங்களூரில் பலர் கடை முகப்பில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று கையால் எழுதிய தாளை ஒட்டினார்கள். ஜூலை 25-ஆம் நாள் கடையடைப்பு அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் முன்னதாக முதலமைச்சர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பழைய நிலுவை வசூலிக்கப்படாது, ஆனால் வரிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். கடையடைப்பு கைவிடப்பட்டது.